வன்னியிலிருந்து வெளிநாடு செல்லும் சங்கீத ஆசிரியருக்கு: புறப்படுமுன்னும் போய்ச் சேர்ந்த பின்னும்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சங்கீதம் கற்பிக்கும் இளம் ஆசிரியர்கள் பலர், "இங்க வந்தால் பாட்டு வகுப்பு எடுத்தே பிழைக்கலாம்" என்று வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன சொல்லை நம்பிப் பயணத்துக்கு ஆயத்தமாவதைக் காண்கிறேன். அந்தச் சொல் பொய்யன்று. லண்டனின் ஹரோவிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் தமிழ்ப் பெற்றோர் இன்றும் நல்ல சங்கீத ஆசிரியரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆயினும் அங்கே செய்யவேண்டிய வேலை, இங்கே நாம் செய்து பழகிய வேலை அன்று. மாங்குளத்துக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் ஐந்து ஆண்டுகள் கற்பித்துவிட்டு லண்டன் சென்று, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பாட்டு வகுப்பு நடத்தித் திரும்பியவள் என்ற முறையில், எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

எந்த விசாவில் போகிறீர்கள்?

முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி இதுதான். மாணவர் விசாவில் பிரித்தானியா சென்று, படிப்புக்கு இடையில் வீடு வீடாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று எண்ணுவோர் அதிகம். அந்த விசாவில் ஒரு நிறுவனத்தின் கீழ், பல்கலைக்கழகத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை, வேலை செய்ய இடமுண்டே தவிர, சுயதொழில் செய்ய அனுமதியே இல்லை. மாதச் சம்பளம் பெற்றுக் கற்பிப்பது வேறு, பெற்றோரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கிக் கற்பிப்பது வேறு, பின்னையது சுயதொழிலாகும். தொழில்முறைக் கலைஞராக மேடையேறுவதற்கும் அந்த விசாவில் தடை இருக்கிறது. இதை அறியாமல் கோவில் விழாவில் பாடிப் பணம் வாங்கி, பின்னர் விசா நீடிப்பின்போது கலங்கி நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சுற்றுலா விசாவில் வகுப்பு நடத்தி ஊதியம் பெறுவதும் சட்டத்துக்கு மாறானது. பயணத்துக்கு முன்பே எழுத்து மூலம் அழைக்கப்பட்ட கலைஞர், நாட்டுக்குள் வந்த முதல் 30 நாட்களுக்குள் அந்த நிகழ்ச்சியைச் செய்து ஊதியம் பெறப் பிரித்தானியா இடமளிக்கிறது. அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றால், படைப்புத்துறைப் பணியாளருக்கான தற்காலிக விசாவில் 12 மாதங்கள் வரை பணியாற்றலாம். திருமணம் வழியாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றோ செல்வோருக்கு இந்தத் தடைகள் பெரும்பாலும் இல்லை. விதிகள் அடிக்கடி மாறுவதால், முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்நாட்டு அரசின் இணையத்தளத்தை நீங்களே வாசியுங்கள்.

வேலைக்காகச் செல்பவராயின், புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்வது சட்டப்படி கட்டாயம். உங்களை அனுப்புவதாகச் சொல்லும் முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பின்னரே பணம் கொடுங்கள். அரசாங்கப் பாடசாலை ஆசிரியராக இருந்தால், சம்பளமற்ற விடுமுறைக்கான நடப்புச் சுற்றறிக்கை எது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு, அனுமதி கையில் கிடைத்த பின்னரே பயணச்சீட்டு எடுங்கள்.

ஆவணங்கள்

வன்னியில் இந்தப் படி மற்ற மாவட்டங்களைவிடக் கடினமானது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது சான்றிதழ்ப் பெட்டியைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே குறைந்தது எட்டு மாதங்களுக்கு முன்னரே தொடங்குங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மீளப் பெறலாம், இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்தில் படித்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பதிவாளரிடமும், வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் சித்தியடைந்தவர்கள் அச்சபையிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 1931 இல் தொடங்கிய அந்தச் சபையின் பெயரை வெளிநாட்டு அதிகாரி அறியாவிட்டாலும் வெளிநாட்டுத் தமிழ்ப் பெற்றோர் நன்கு அறிவார்கள். தாமே சிறுவயதில் அந்தப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் அவர்களுள் பலர்.

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பட்டச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் தந்தையின் பெயர் எழுதப்பட்டிருப்பது நம்மிடையே சாதாரணம். அங்கே அது இருவர் பெயராகத் தோன்றும். சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது. கடவுச்சீட்டுக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பொலிஸ் நற்சான்றிதழையும் இங்கிருக்கும்போதே பெற்றுவிடுங்கள்; பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறவரிடம் அதை எப்படியும் கேட்பார்கள்.

பட்டத்தின் மதிப்பை நிறுவுவது தனி அலுவல். பிரித்தானியாவில் எனிக் என்ற அமைப்பும், கனடாவில் வெஸ் முதலிய அமைப்புகளும் இந்த மதிப்பீட்டைச் செய்கின்றன. வெஸ் அமைப்புக்குப் பெறுபேற்று அட்டவணையை நீங்கள் அனுப்ப முடியாது, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பதால், ஊரில் இருக்கும்போதே பதிவாளர் பிரிவுக்கு ஒருமுறை நேரில் சென்று வருவது பல மாத அலைச்சலைக் குறைக்கும். தனிப்பட்ட வகுப்பு நடத்த இந்த மதிப்பீடு தேவையில்லை. ஆனால் அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியராக விரும்பினால் இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் தரநிலையும், ஒன்ராறியோவில் அந்த மாகாண ஆசிரியர் கல்லூரியின் பதிவும் வேண்டும். அது இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கக்கூடிய பாதை.

புறப்படுமுன் ஓராண்டு இணையவழியில் கற்பியுங்கள்

விமானம் ஏறாமலேயே அந்த வேலையின் தன்மையை அறியும் வழி இது. வெளிநாட்டிலுள்ள உறவினரின் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துத் தொடங்கலாம். கிளிநொச்சியில் இரவு 7 மணி ஆகும்போது ரொறன்ரோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30, ஆகவே அங்கத்தைய சனி, ஞாயிறு காலை வகுப்பு நமக்கு இரவு வகுப்பாக நன்கு பொருந்தும். லண்டனுடனான இடைவெளி கோடையில் நாலரை மணிநேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணிநேரம். ஐரோப்பாவில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும் ஒக்ரோபரின் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவார்கள். கனடாவில் அது மார்ச்சின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறுமாகும். அந்த வாரங்களில் வகுப்பு நேரத்தை மறுபடி எழுதி அனுப்புங்கள்.

சூம் செயலியில் நம் குரலைத் தெளிவாக்குவதற்காக இயங்கும் இரைச்சல் வடிகட்டி, தம்பூராவின் நாதத்தையும் இரைச்சல் என்று கருதி அழித்துவிடுகிறது. 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவை இயக்கினால்தான் சுருதி மறுமுனைக்குப் போகும். இணையத் தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடவோ ஒரே தாளத்தில் இணையவோ முடியாது. நீங்கள் ஒரு வரி பாட, பிள்ளை திருப்பிப் பாடும் முறை மட்டுமே சரிவரும். பிள்ளையின் பக்கத்திலேயே சுருதி ஒலிக்க வேண்டும். நம் பக்கத்துச் சுருதியை நம்பிப் பாடினால் தாளமும் குழம்பும், சுருதியும் விட்டு விட்டுக் கேட்கும்.

எடுத்துச் செல்லும் வாத்தியம்

குரலிசை ஆசிரியருக்கு இதில் சிரமம் குறைவு. பழைய மின்சுருதிப் பெட்டி இலங்கையின் 230 வோல்ட்டுக்கு ஏற்றது. ஐரோப்பாவில் செருகியை மாற்றினால் போதும், கனடாவின் 120 வோல்ட்டுக்கு மின்மாற்றி வேண்டும். கைத்தொலைபேசிச் செயலியும் ஒரு நல்ல ஒலிபெருக்கியும் இருந்தால் பெட்டியை ஊரிலேயே விட்டுச் செல்லலாம்.

வீணையும் மிருதங்கமும் பலா மரத்தாலானவை. நம் ஊரின் ஈரக்காற்றுக்குப் பழகியவை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு, மரம் சுருங்கி வெடிக்கும். தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி ஏறும். அறையின் ஈரப்பதனை 45 முதல் 55 விழுக்காடு வரை வைத்திருக்கச் சிறிய ஈரமூட்டி ஒன்றை முதல் மாதத்திலேயே வாங்குங்கள். வாத்தியத்தைச் சூடாக்கியின் அருகில் வைக்காதீர்கள். வீணையில் தந்தியை அழுத்தும் 24 மெட்டுகளும் மெழுகின்மீது பதிந்திருப்பவை என்பதால் பயணத்தில் அவை அசையும். மெழுகு பதித்துத் தருபவரை அங்கே கண்டுபிடிப்பது எளிதன்று. இங்கே தெரிந்த ஒருவரிடம் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏற்றுமுன் தந்திகளைத் தளர்த்துங்கள். பழைய வீணையில் யானைத் தந்த அலங்காரம் இருந்தால் சர்வதேச அனுமதிப் பத்திரமின்றிக் கொண்டுசெல்ல முடியாது. அவுஸ்திரேலியா செல்வோர் தோல் வாத்தியத்தைச் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

முதல் வகுப்புகள்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப்பற்றித்தான். வன்னியில் ஒரு பிள்ளை சங்கீத வகுப்புக்கு வருமுன்பே அதன் காதில் சங்கீதம் விழுந்துவிடுகிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலின் பறையும், கோவில் திருவிழாவின் நாதஸ்வரமும் தவிலும், விடியற்காலையில் குழாய் ஒலிபெருக்கியில் வரும் தேவாரமும், வயலில் அரிவு வெட்டும் பாட்டும், முல்லைமோடிக் கூத்தின் இழுப்பும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலேயே கேள்வி ஞானத்தைக் கொடுத்துவிடுகின்றன. அதனால்தான் நாம் முதற் சுரப்பாடமான சரளி வரிசையைச் சொன்னவுடன் பிள்ளை திருப்பிச் சொல்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஞானம் கிடையாது. வாரம் ஒருமுறை முக்கால் மணிநேரம் உங்களிடம் கேட்பதுதான் அதற்குக் கிடைக்கும் முழுச் சங்கீதம்; மிகுதி நாட்களில் அதன் காதில் இருப்பது பாடசாலைப் பியானோ.

என் முதலாம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மாயாமாளவகௌளை ராகத்தில் முதற் சரளியைப் பாடும்போதெல்லாம் 'ரி' என்னும் ரிஷபத்தை உயர்த்தியே பாடினான். பத்துமுறை திருத்தினேன், பத்துமுறையும் அதே இடத்துக்குப் போனான். அவனைக் கவனக்குறைவானவன் என்று நினைத்தேன். பிறகு அவன் பியானோ வாசிப்பதைக் கேட்டபோதுதான் விளங்கியது, அவன் பாடியது நாம் சங்கராபரணம் என்று சொல்லும் ராகம் என்பது. அவனுடைய காது இரண்டு அரைச்சுரம் தள்ளியிருக்கும் சதுஸ்ருதி ரிஷபத்தை எதிர்பார்த்தது; 'ச' என்னும் சட்ஜத்துக்கு அடுத்த அரைச்சுரத்திலேயே நிற்கும் சுத்த ரிஷபம் அவனுக்குத் தவறான சுரமாகக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் தம்பூராவைத் தவிர வேறெதையும் ஒலிக்கவிடாமல், அவனைச் சட்ஜத்தில் நீட்டி நிற்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ரிஷபத்தை மெல்லத் தொட்டேன். இரண்டு குரலும் உரசி ஓர் அதிர்வு எழுந்தது. அவன் கண்ணை விரித்து, "அன்ரி, காதுக்குள்ள தேனீ இரையுது" என்றான். அந்தத் தேனீயைத் தேடிப் பிடிக்கும்படி சொன்னேன். மூன்றாம் முறையில் அவனே அந்த ரிஷபத்தில் வந்து நின்றான்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முறை இது. முதல் நான்கு வாரங்களுக்கு வரிசை எதையும் தொடங்காதீர்கள். சுருதியோடு சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து நிற்பதும், நீங்கள் பாடுவதைக் கேட்பதும், கையால் ஆதிதாளம் போடுவதும் போதும். ஒவ்வொரு வகுப்பின் பாடத்தையும் உங்கள் குரலில் பதிவுசெய்து, மூன்று நிமிடத்துக்கு மேற்படாமல், பெற்றோருக்கு அனுப்புங்கள். காரில் பாடசாலைக்குப் போகும்போது போட்டுவிடும்படி கேளுங்கள். குளித்துக்கொண்டே பிள்ளை அதை முணுமுணுத்தது என்று ஒரு தாய் சொல்லும் நாளில் சரளி வரிசையைத் தொடங்கலாம். பெற்றோர் சிலர், "மற்ற வகுப்பில அலங்காரம் வந்திட்டுது" என்று, சரளிக்குப் பிந்திய பாடத்தைச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். பொறுமையாக விளக்குங்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் நம் பிள்ளைகளிடம் இல்லாத பலமும் உண்டு. மேற்கத்தைய இசை படிப்பவர்கள் சுரத்தின் இடத்தைத் துல்லியமாக அறிவார்கள். சுருதியின் அளவில் ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி என்றும், சி யில் பாடினால் மாயாமாளவகௌளை என்பது சி, டி பிளாற், ஈ, எஃப், ஜி, ஏ பிளாற், பி என்றும் ஒருமுறை எழுதிக் காட்டினால் வேகமாகப் பற்றிக்கொள்வார்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை மட்டும் எழுதிக் காட்ட முயலாதீர்கள். அது கேட்டுத்தான் வரும். சிறு பிள்ளைகளுக்குச் சுருதியைக் குரலுக்கு ஏற்ப வையுங்கள். பதின்மூன்று வயதை நெருங்கும் பையன்களின் குரல் உடையும் காலத்தில் மேல்ஸ்தாயியை வற்புறுத்தாமல் தாளத்திலும் சுரஞானத்திலும் வகுப்பை நடத்துங்கள். அந்த ஓராண்டில் கைவிடப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை.

தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில எழுத்தில் சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். லகர, ளகர, ழகரத்தைப் பிரித்துக் காட்டும் ஒரே முறையைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். எழுத்தைப் பார்த்து உச்சரிக்க விடாமல், முதலில் உங்கள் வாயைப் பார்த்துச் சொல்லவையுங்கள். கீர்த்தனைகளோடு தேவாரப் பண்களையும் நம் ஊர்க் கும்மி, அரிவுவெட்டுப் பாட்டுகளையும் கற்பியுங்கள். நான் ஓர் அரிவுவெட்டுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது, வகுப்பறை வாசலில் காத்திருந்த முத்தையன்கட்டு அம்மம்மா ஒருவர் உள்ளே வந்து, நான் மறந்த அடியைப் பாடித் தந்தார்.

இன்னுமொன்று. தாளம் தவறும்போது தொடையில் தட்டித் திருத்துவது இங்கே பலருடைய பழக்கம். அங்கே எக்காரணம் கொண்டும் பிள்ளையைத் தொடக்கூடாது. உங்கள் கையில் தாளத்தைப் போட்டுக் காட்டுங்கள். வகுப்பறைக் கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பிள்ளையின் தொலைபேசிக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் டிபிஎஸ் எனப்படும் பின்னணிச் சோதனையை நீங்கள் கற்பிக்கும் நிறுவனத்தின் ஊடாகச் செய்துகொள்ளுங்கள்.

மாணவரைச் சேர்ப்பதும் கட்டணமும்

ஐரோப்பாவின் பல நாடுகளிலும் கனடாவிலும் கல்வியாண்டு செப்ரெம்பரில் தொடங்குவதால், ஓகஸ்ட் மாத நடுப்பகுதிக்குள் போய்ச் சேர்வது நல்லது. அதைத் தொடர்ந்து வரும் விஜயதசமியில் ஏடு தொடக்குவதுபோலவே சங்கீதம் தொடக்கவும் பெற்றோர் விரும்புவார்கள். முதலில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஒன்றிலோ கோவில் வகுப்பிலோ இணையுங்கள். ஊதியம் குறைவாக இருந்தாலும் அங்கேதான் பெற்றோர் உங்கள் கற்பித்தலை நேரில் பார்க்கிறார்கள்.

ஊதியம், நேரம், விடுமுறைக் காலம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். முதலாம் ஆண்டில் ஒரு வகுப்பு நடத்துநர் எனக்கு ஒரு முழுத் தவணையின் ஊதியத்தைத் தரவில்லை. ஊர்க்காரர், தெரிந்தவர் என்று எழுத்தில் எதுவும் கேட்காமல் விட்டிருந்தேன். குளிர்கால உடுப்புக்கு ஒதுக்கியிருந்த பணம் அது. அதன்பிறகு, தனிப்பட்ட வகுப்புகளுக்கும் தவணைக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே பெறுவதையும், வராத வகுப்புக்கான விதியை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதையும் வழக்கமாக்கினேன். எவரும் கோபிக்கவில்லை.

பிரித்தானியாவில் சுயதொழில் வருமானம் ஒரு வரியாண்டில் 1,000 பவுணைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். வரியாண்டு ஏப்ரல் 6 இல் தொடங்குகிறது. கனடாவில் விற்பனை வரிப் பதிவுக்கான பொது எல்லை 30,000 டொலர். கையில் வாங்கும் பணத்துக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். பின்னாளில் வீட்டுக் கடனுக்கோ குடும்பத்தை அழைக்கவோ விண்ணப்பிக்கும்போது கணக்கில் வந்த வருமானம் மட்டுமே வருமானமாகக் கருதப்படும். வாடகை வீட்டில் வகுப்பு நடத்த உரிமையாளரின் சம்மதம் கேளுங்கள். ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். மாடி வீட்டில் அன்று மிருதங்க வகுப்பு வைத்தால் அயலவர் முறையிடுவார்.

லண்டனில் ஓரியென்ரல் ஃபைன் ஆர்ட்ஸ் அகாடமி, ரொறன்ரோவில் தமிழ் இசைக் கலாமன்றம் முதலியவை தரப் பரீட்சை நடத்துகின்றன. உங்கள் பகுதிப் பெற்றோர் எதை மதிக்கிறார்கள் என்று அறிந்து, அதன் பாடத்திட்டத்தை முதல் தவணையிலேயே வாங்கி வையுங்கள். பரீட்சைக்குரிய உருப்படிகளை மட்டுமே ஆண்டு முழுவதும் பாடவைப்பதை நான் ஏற்கவில்லை. பரீட்சைக்கு மூன்று மாதங்கள் போதும்.

அரங்கேற்றப் பாட்டு

நடன அரங்கேற்றங்களுக்குப் பின்னணி பாடுவது அங்கே நல்ல வருமானம் தரும். பெரும்பாலானவை கோடையில், யூலை முதல் செப்ரெம்பர் வரை நடைபெறுகின்றன. ஆனால் கச்சேரி பாடத் தெரிந்தவர் எல்லோரும் நடனத்துக்குப் பாடிவிட முடியாது. முதல் உருப்படியான அலாரிப்பிலிருந்து கடைசித் தில்லானா வரை காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், சற்றும் அசையாமல் நிற்க வேண்டும். வர்ணத்தில் ஒரே வரியை நடனமணியின் அபிநயம் முடியும்வரை, ஒவ்வொரு முறையும் வேறு சங்கதியோடு, அதாவது இசையைச் சற்று மாற்றி, சலிக்காமல் பாட வேண்டும். கண் பாட்டுக் கொப்பியில் இல்லாமல் மேடையில் இருக்க வேண்டும். ஊரிலுள்ள நடன ஆசிரியர் ஒருவரிடம் ஆறு மாதம் போய், அவருடைய வகுப்புக்குப் பாடிப் பழகிக்கொண்டு புறப்படுங்கள்.

உங்கள் சாதகம் (பாட்டுப் பயிற்சி)

வார இறுதி இரண்டு நாளும் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் சரளியும் ஜண்டையும் சொல்லிக்கொடுக்கும் குரல், இரண்டு ஆண்டுகளில் பாட மறந்துவிடும். தொண்டையும் வறள்காற்றில் சீக்கிரம் களைக்கும். வெந்நீர்ப் போத்தல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வரியையும் முழுக்குரலில் பாடிக் காட்டாதீர்கள். கிழமை நாட்களில் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலைப்பொழுது ஆசிரியருக்குச் சொந்தமானது. பல ஆசிரியர்கள் அந்த நேரத்துக்கு வேறு வேலை தேடிக்கொள்கிறார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் அது தவிர்க்க முடியாததாகவும் இருக்கும். அப்போதும் இரண்டு காலையையாவது ஒதுக்கி வையுங்கள். நான் செவ்வாயையும் வியாழனையும் வைத்திருந்தேன். செவ்வாயன்று ஒரு ராகத்தை மட்டும் ஒரு மணிநேரம் ஆலாபனை செய்வேன். வியாழனன்று மருதனார்மடத்து என் குருவைத் தொலைபேசியில் அழைத்து, அதே ராகத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடிக் காட்டுவேன். கோடையில் எனக்குக் காலை 9 மணி என்றால் அவருக்குப் பிற்பகல் ஒன்றரை, மதியச் சாப்பாடு முடிந்து சாய்மனைக் கதிரையில் இருப்பார். பிழை இருந்தால் "திரும்ப எடு" என்று மட்டும் சொல்வார்.